வூட்டுக்கு ஒரு ஆள்

என் ஓரகத்தி அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒடுகத்தூர்ச் சந்தைக்கு வந்தாள். கத்தரிக்காய் வாங்க வருகிறவளுக்குக் கழுத்தில் அட்டை எதற்கு? கேட்டால், "கழட்ட மறந்துட்டன்மே" என்றாள். மறந்துவிட்டாளாம்! கம்மல் மாற்றியவள், பூ வைத்தவள், புடவைக்குப் பொருத்தமாக வளையல் தேடிப் போட்டவள், நெஞ்சின்மேல் தொங்குகிற அட்டையை மட்டும் மறந்துவிட்டாளாம். வெங்காயக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வேலைல சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, கம்பெனி வேலை" என்றாள். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் காதெல்லாம் புகைந்தது.

ஏன் என்றால் அந்தக் கம்பெனி வேலையில் பாதி நான் செய்தது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஐந்தாவதோடு நின்றவள், நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆண்கள் இரண்டு பேரும் வருஷத்தில் பாதி நாள் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள், எங்கள் மாமனார். அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று. சண்டை மட்டும் தனித்தனி.

எங்கள் மலையில் சாமை ஆலை ஒன்று வந்தது. அதுவரை விளைந்த சாமையை அப்படியே மூட்டை கட்டிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தோம். இனி மேலேயே கல் எடுத்து, உமி நீக்கி, பொட்டலம் போட்டு அனுப்பப் போகிறோம் என்று கீழேயிருந்து ஒரு கம்பெனி வந்தது. வேலைக்கு ஆள் எடுக்க மேனேஜர் ஊர்க்கூட்டத்துக்கே வந்துவிட்டார். எல்லா வீட்டிலும் கேட்டார்கள், இடமோ கொஞ்சம். ஊர்க்கவுண்டர் எழுந்து, "வூட்டுக்கு ஒரு ஆள்" என்றார். அத்தோடு முடிந்தது.

இது எங்கள் ஊரில் இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. கூரை மேய்வதா, களை எடுப்பதா, சாவு வீட்டில் விறகு வெட்டுவதா, ஒருவர் தெருவில் நடந்துகொண்டே "வூட்டுக்கு ஒரு ஆளு வாங்கோ" என்று குரல் கொடுப்பார். யார் வந்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இன்று அண்ணன் வந்தால் நாளைக்குத் தம்பி. வீடு வந்ததா, அவ்வளவுதான். மேனேஜருக்கும் இது பிடித்துப்போனது. சண்டை இல்லாமல் ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

அந்தக் கூட்டம் நடந்தபோது நான் தம்பி கல்யாணத்துக்கு அம்மா வீடு போயிருந்தேன். திரும்பி வந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்தே ஆகிவிட்டது. படம் எடுத்தாயிற்று, பேர் ஏறியாயிற்று. படித்தவள் நான் இருக்க, தன் பேரையே தலை சாய்த்து எழுதுகிறவளுக்குக் கம்பெனி வேலை! பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று கத்தினேன்.

மாமா வெற்றிலையை மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். "இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கினு நிக்கற? ஒரு வாரம் அவ போவட்டும், ஒரு வாரம் நீ போ. நூறு நாள் வேலைக்கு அப்டித்தான போறோம்? அட்டை ஒண்ணு, கை ரெண்டு."

"அப்டியே ஆவட்டும் மாமா" என்றாள் அக்கா. எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மலையில் யாருக்குத்தான் தெரிந்தது? இன்னும் சில வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்.

ஆலைக்குள் எல்லோரும் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி கட்டவேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். சூப்பர்வைசருக்கு எங்கள் மாற்றம் நன்றாகவே தெரியும். ஆனாலும் என் வாரத்திலும் அக்கா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பதிவில் இருக்கும் பேர் அதுதானே. முதல் வாரம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. "காது கேக்கலயாம்மா?" என்று அதட்டினார். அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவள் பேருக்கு நான் "இன்னாங்க?" என்று ஓடினேன்.

கூலி அவள் வங்கிக் கணக்கில் விழும். என் பங்கை அவள் சரியாக எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஒரு தடவையாவது குறைத்துத் தொலைத்திருந்தால் சண்டை போட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

பிறகு வந்தது ஆஸ்பத்திரிக்குக் காட்டுகிற இ.எஸ்.ஐ. அட்டை. கூடவே பி.எஃப். பிடித்தம். அக்கா ஒரு நாள் ஒப்பந்தத்தின் நகலை என்னிடம் நீட்டி, "இதுல இன்னா போட்டுக்குதுனு படிச்சுச் சொல்லுமே" என்றாள். அதற்கு மட்டும் நான் வேண்டும். உரக்கப் படித்தேன். "இந்த ஒப்பந்தத்தில் தொழிலாளி என்பது, கீழே பெயரும் படமும் கொண்ட நபரை மட்டுமே குறிக்கும். சமூகப் பாதுகாப்புச் சட்டங்களின்படியான பயன்கள் அனைத்தும் அத்தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியவை." அதற்குக் கீழே குடும்பம் என்பது யார் யார் என்று இருந்தது. கணவன், பிள்ளைகள், அண்டியிருக்கும் பெற்றோர். ஓரகத்தி இல்லை. ஓரகத்தியின் பிள்ளைகளும் இல்லை.

"அப்டினா?" என்றாள்.

"அப்டினா நீதான் ஆளு. நான் ஆளே இல்ல" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்ய, போமே! எழுதறவன் ஆயிரம் எழுதுவான்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் படம்தானே அங்கே இருக்கிறது! எனக்கு அந்த வாக்கியம் நெஞ்சில் மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டது. சாமை புடைக்கும்போதும் அதுதான் ஓடியது, பாத்திரம் விளக்கும்போதும் அதுதான். தொழிலாளி என்பது. தொழிலாளி என்பது.

அவள் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. அட்டையைக் காட்டி மருந்து வாங்கி, கூடவே ஒரு சத்து டானிக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த மாசம் என் மகளுக்குக் காதில் சீழ். நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். கிளம்பும்போது அக்கா பின்னாலேயே வந்தாள். "என் பொண்ணுனு சொல்லி என் அட்டையில காட்டிடலாமா? யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள், அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. "என் வேலை உன் பேர்ல போச்சு. என் பொண்ணும் உன் பேர்லயே போவணுமா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது. பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். சொல்லக் கூடாதுதான், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. அது என் வாரம். உமி நீக்கும் எந்திரத்தில் தூசும் உமியும் அடைத்துக்கொண்டு பெல்ட் திணறும். எந்திரத்தை நிறுத்தாமலே கையால் உமியைத் தள்ளிவிடுவது அங்கே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டிருந்தது. நிறுத்தி எடுத்தால் மறுபடி ஓட நேரமாகும் என்று சூப்பர்வைசர் முணுமுணுப்பார். நானும் தள்ளினேன். பெல்ட் என் வலது கையைப் பிடித்து இழுத்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி போய்விட்டன. வலி அப்போது தெரியவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து அக்கா பேரைச் சொல்லிக் கத்தியதுதான் கேட்டது.

ஆலை வேனில் கீழே இறக்கினார்கள். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டே சொன்னார்: "அம்மா, பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரில பேர் கேட்டா உங்க ஓரகத்தி பேரைச் சொல்லுங்க. அட்டை அவங்க பேர்லதானே இருக்குது? எல்லாம் அதுல முடிஞ்சிடும்." நான் தலையை ஆட்டினேன். ஆட்டத்தான் செய்தேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிற பெண் கணினியில் அக்காவின் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் படத்தில் அக்கா என் நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். நான் அம்மா வீடு போனபோது பெட்டியில் வைத்துவிட்டுப் போன புடவை. என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் இடத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டிருக்கிறாள்! என் ரத்தம் மேனேஜர் சட்டையெல்லாம் வழிகிறது. இந்த ரத்தமும் இவள் கணக்கிலா? போன விரலும் இவள் விரலா? நான் வாயைத் திறந்தேன். "இல்ல. அது நான் இல்ல. அது என் ஓரகத்தி. நான் வேற ஆளு" என்றேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நேர்மையால் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பொறாமையால்தான் சொன்னேன். அன்றைக்கு என் உடம்பில் பொறாமையைத் தவிர வேறு எதற்கும் தெம்பு இல்லை.

அட்டை செல்லாது என்று அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டுப் போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. "ஒரு பேரைச் சொல்லிட்டு வந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று மாமா கேட்டார். அக்கா பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்தாள். என் புருஷன் போனிலேயே திட்டினார். விசாரணைக்கு இ.எஸ்.ஐ. ஆபீசர் வரப்போவதாகச் சொன்னார்கள். ஆலையில் எனக்கு வேலை இருந்தது என்று முடிவானால் போன விரல்களுக்கு மாதாமாதம் ஏதாவது கிடைக்கும். இல்லை என்று முடிவானால் ஒன்றும் கிடையாது. வலது கையால் இனி அரிவாள் பிடிக்க முடியாது, களை பிடுங்க முடியாது. மலையில் கை இல்லாதவளுக்கு என்ன பிழைப்பு இருக்கிறது? என் மகளை எதைக் கொண்டு வளர்ப்பேன்?

இதற்கு நடுவில் மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்து அக்காவை மட்டும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று அவள் மறைக்கவில்லை. என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "நீ எனக்குச் சோறு எடுத்துனு வந்தியாம். சும்மா உள்ள பூந்து கைய வுட்டுட்டியாம். அப்டிச் சொன்னா என் வேலை இருக்குமாம். இல்லனா ஆள் மாறாட்டம்னு என்னையும் தூக்கிடுவாங்களாம்."

"நீ இன்னா சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"தெரியலமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குத் தெரியும், சோறு எடுத்துனு வந்தா என்றுதான் சொல்லப்போகிறாள். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அட்டையைச் சந்தைக்கெல்லாம் மாட்டிக்கொண்டு போனவள் அவள்.

விசாரணைக்கு ஒரு மேடம் வந்தார். ஆலையின் முன்னறையில் உட்கார்ந்தார். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவர் ஓரமாக நின்றார்கள். மேனேஜர் ஒப்பந்தத்தைப் பிரித்து வாசித்தார். தொழிலாளி என்பது, கீழே பெயரும் படமும் கொண்ட நபரை மட்டுமே குறிக்கும். என்னைக் கேட்டிருந்தால் நானே மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன். வாசித்து முடித்துவிட்டு, "இவங்க எங்க தொழிலாளி இல்லைங்க மேடம். ஒப்பந்தத்துலயே தெளிவா இருக்குது" என்றார்.

மேடம் அக்கா பக்கம் திரும்பினார். "அன்னைக்கு எந்திரத்துல நிக்கவேண்டியது யாரும்மா?"

அக்கா மேனேஜரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தாள். என் கைக்கட்டைப் பார்த்தாள்.

"அது அவ வாரங்க" என்றாள். "ஒரு வாரம் நான் வருவேன், ஒரு வாரம் அவ வருவா. வந்த நாள்லேந்து அப்டித்தான். வூட்டுக்கு ஒரு ஆளுனு கேட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா வந்தோம். கூலி என் கணக்குல வுழுந்துச்சு, பாதி அவளுது. அந்த வெரலும் அவளுதுங்க." சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சுவர் ஓரத்திலிருந்து ஒருத்தி, "எங்க வூட்லயும் அப்டித்தாங்க, நானும் என் மாமியாரும்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. மேடம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். அவர் "தெரியும் மேடம்" என்றார்.

மேடம் பேனாவை மூடினார். "நீங்க ஒப்பந்தத்துல யாரை வேணும்னாலும் தொழிலாளினு எழுதிக்கலாம். சட்டம் அதை மட்டும் பார்க்காது. வேலை யார் செஞ்சாங்க, யாருக்காகச் செஞ்சாங்க, கூலி எதுக்குக் குடுத்தீங்க, அதைத்தான் பார்க்கும். இந்தம்மா தொழிலாளிதான்" என்றார்.

இந்தம்மா என்று என்னைச் சொன்னார். அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் வெந்திருப்பேன்! ஆனால் அங்கே ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசைமேல் கிடந்த அட்டையையும் அதைக் கழற்றி வைத்தவளையும்தான் பார்த்தார்கள்.

வழியெல்லாம் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஆஸ்பத்திரில வாய மூடினு இருந்திருந்தா இந்தக் கூத்து உண்டா? உன் வாயில மண்ண போட! எல்லாம் போச்சு உன்னால!" என்றாள். அவள் திட்டியதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு ஆலையில் புது ஒப்பந்தம் போட்டார்கள், பேர் உள்ளவர்தான் வரவேண்டும் என்று. மறுபடியும் வூட்டுக்கு ஒரு ஆள்தான், ஆனால் எப்போதும் அதே ஆள். மாமா யோசித்தார். அக்காவுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, நிலத்தைப் பார்த்துக்கொள்வாள். எனக்கு ஆலையில் எடை பார்க்கிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம். அதனால் இடம் எனக்கு என்றார். அக்கா அன்று சாப்பிடவில்லை. புது அட்டை வந்தது. என் பேர், என் படம். நீலப் புடவைதான் கட்டிக்கொண்டு எடுத்தேன். சந்தைக்கும் மாட்டிக்கொண்டு போனேன், பொய் சொல்வானேன். வெங்காயக் கடைக்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை. "உங்க ஓரகத்தி நல்லாக்கீறாங்களா? தங்கமான மனுஷிங்க! கேள்விப்பட்டேன்" என்றார்.

போகிற இடமெல்லாம் இதே பேச்சு. பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயிலில். ஓரகத்தின்னா இப்டி இருக்கணும். எந்த ஓரகத்தி இப்டிச் செய்வா? விரல் போனது எனக்கு, பேர் வந்தது அவளுக்கு. அட்டை கைக்கு வந்ததும் எரிச்சல் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அது வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் ஒரு முடிவு செய்தேன். பி.எஃப். படிவத்தில் நாமினி என்று ஒரு இடம் இருந்தது. எனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று எழுதுகிற இடம். மகள் பேரோடு அக்கா பேரையும் எழுதினேன். ஊர் என்னையும் ஒரு நாள் பேசட்டுமே! ஆபீசில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது செல்லாதுக்கா. உங்களுக்குப் புருஷன், புள்ள இருக்காங்க. குடும்பத்துக்கு வெளியே எழுத முடியாது. குடும்பம் என்பதுல ஓரகத்தி வர மாட்டாங்க" என்று சொல்லி அந்தப் பேரை அடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அக்கா களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "நீ செத்தா எனக்குத் துட்டா? அத்த எழுதவா போன? கிறுக்கு புடிச்சவளே!" என்று சிரித்தாள். அப்புறம் என் தட்டில் களியைப் போட்டாள். என் வலது கையால் இப்போது களியைக் கிள்ள முடியாது, நழுவிவிடும். அவள் ஒன்றும் கேட்காமல், குழந்தைக்குச் செய்வது மாதிரி, அதைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

மோர் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துத் தொலைத்தாள். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. நான் நாமினி எழுதப் போனதை ஒருத்தரும் சொல்லவில்லை.